கொள்ளு மூட்டை கேட்ட சேனாதிபதி

எந்த நாட்டுத் தளபதியாலும் திருப்திப்படுத்த முடியாத ஒரே மனிதர் வேங்கிக்காலில், எங்கள் அலுவலகத்து ஜன்னலோர மேசையில் உட்கார்ந்திருந்தார். நாங்கள் வைத்த பெயர் சேனாதிபதி. அவர் கையில் எடுத்த ஒரே ஆயுதம் ரப்பர் ஸ்டாம்ப்.

ஜப்பான்காரர்கள் வரைகிற மங்கா படக்கதைகளில் பழங்காலப் போர்க்கதைகளாகப் பொறுக்கி போனில் படிப்பார். மதியச் சாப்பாட்டின்போது தீர்ப்பு வழங்குவார். ஒரே வீச்சில் ஒரு கூட்டத்தையே சாய்க்கும் தளபதியைப் பார்த்து நான் வாயைப் பிளந்தால் போச்சு.

“கத்தி சுத்தறவன்லாம் தளபதின்னா, நம்ம கேட்டாண்ட எளநி வெட்றவரு யாரு தம்பி, சக்கரவர்த்தியா?”

“மலை மேலேர்ந்து எப்படி வளைக்கிறான் பாருங்க சார்!”

“வளைக்கட்டும். இத்தினி குதிரை ஏறிச்சே, கொள்ளு மூட்டை எங்க? ஒரு படத்துல காட்டு பாக்கலாம். சோறில்லாம கெளம்பனா அது படையா? ஊர்வலம்!”

அவர் மதித்தது ஒரே ஒருவனை. எல்லாப் போரிலும் பின்வாங்குகிற ஒரு தொந்தித் தளபதி. “அவனாண்ட இருக்கறவன்தான் உசுரோட வூட்டுக்குப் போறான்” என்பார். சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டு நாங்கள் சிரிப்போம்.

இந்த மேதையிடம்தான் என் மகளின் நிச்சயதார்த்தம் சிக்கியது. அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையிலேயே ஒரு மண்டபம், கேட்டவுடன் கிடைத்தது. ஏன் கிடைத்தது என்று யோசிக்கிற மூளை எனக்கில்லை. அன்றைக்குப் பௌர்ணமி! இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவன், பௌர்ணமியை மறந்து தேதி குறித்தேன். கிரிவலக் கூட்டத்துக்காகப் போலீஸார் காலையிலேயே வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். கீழ்பென்னாத்தூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்த வேன் ஊர் எல்லையில் நின்றது. மாப்பிள்ளையின் அப்பாவோ நல்ல நேரம் தவறினால் பேச்சையே முறித்துக்கொள்கிற ஆள். நான் வேட்டி அவிழ்வது தெரியாமல் மண்டபத்துக்குள் ஓடிக்கொண்டிருந்தேன். எங்கே என்றுதான் தெரியவில்லை.

விசேஷத்துக்கு வந்திருந்த சேனாதிபதி என் போனைப் பிடுங்கினார். “டிரைவரு, முன்னால மோதாதீங்க. சுத்திக்கினு செங்கம் ரோட்டுப் பக்கமா வாங்க. பின்னாலேர்ந்து நுழைஞ்சிடலாம்.”

சுற்றி வந்தார்கள். அங்கேயும் தடுப்பு. முன்பாவது எங்களுக்கும் வேனுக்கும் நடுவில் கூட்டம்தான் இருந்தது. இப்போது வேன் நின்ற பக்கமிருந்து கூட்டமே எங்களுக்கு எதிரே வந்துகொண்டிருந்தது.

“என்னா சார் இது?” என்று அலறினேன்.

“கோட்டைய வுட்டுடலாம் தம்பி. பொண்ணக் கூப்பிடு. வேன் நிக்கற எடத்துலயே தட்ட மாத்திக்கலாம்.”

ஊரே வலம் வரும் பாதையில் நாங்கள் எதிர்த்திசையில் நடந்தோம். “சாமி குத்தம்யா!” என்று ஒருவர் திட்டினார். “கண்ணு தெரியலயா?” என்றார் இன்னொருவர். பட்டுப்புடவையில் என் மகள், வெற்றிலைத் தட்டோடு நான், உறவுக்காரர்கள். எல்லோருக்கும் முன்னால் கைகளை விரித்தபடி சேனாதிபதி. “பொண்ணு வருது, வழி வுடுங்க! பொண்ணு வருது!”

நல்ல நேரம் முடிவதற்குள், சாலையோர அரிசி மில்லின் களத்தில் தட்டு மாறியது. மாப்பிள்ளையின் அப்பா சிரித்தார். பிறகு வயிற்றைத் தடவிக்கொண்டு கேட்டார்: “சம்மந்தி, டிபன் எங்க?”

டிபன் மண்டபத்தில் இருந்தது. ஒரு வடைகூட எங்களோடு வரவில்லை.

சேனாதிபதியைக் காணோம். கடித்துக் குதறிவிடும் வேகத்தில் தேடினேன். வேனுக்குப் பின்னால் குந்தியிருந்தார். “திட்டணும்னா இங்கயே திட்டிடு தம்பி. அவங்க எதிர்ல வேணாம்.” சட்டை தோளோடு கிழிந்திருந்தது. கையெல்லாம் கீறல். என் மகளின் புடவையில் ஒரு கசங்கல் இல்லை.

என் புது அங்கவஸ்திரத்தை அவர் தோளில் போட்டேன். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் சம்பந்தி முன்னால் நிறுத்தினேன்.

“இவரு எங்க அண்ணன்” என்றேன்.