மூன்றாம் ஓலைக்கு முன் ஒரு தூக்கம்

1938 பிப்ரவரி 24, வியாழக்கிழமை, பகல் 11 மணி 20 நிமிஷம். காலையிலிருந்து இதுவரை என்னை எழுப்பியவர்கள் ஏழு பேர்.

பரமத்தி வேலூர் வெற்றிலை வியாபாரம் மாமா அமிர்தசாமி அவர்களுக்கு, சேலத்திலிருந்து சின்னப்பராஜ் வணக்கமாய் எழுதிக்கொண்டது. சர்வேசுரன் கிருபையால் நான் சுகமே என்று தொடங்குவது முறை. என் சுகத்தைத்தான் தாங்கள் சந்தேகிக்கிறீர்கள் என்பதால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

"மாப்பிள்ளைக்கு ராத்தூக்கமில்லாத வியாதி என்று கேள்வி. விசாரிக்கும்வரை மூன்றாம் ஓலையை நிறுத்தச் சொல்லியிருக்கிறேன்" என்று தாங்கள் போட்ட கார்டு நேற்றுக் கிடைத்தது. எனக்கும் தங்கள் மகள் இன்னாசிமேரிக்கும் கல்யாண அறிவிப்பு ஓலை இரண்டு ஞாயிறு கோவிலில் வாசித்தாகிவிட்டது. வருகிற ஞாயிறு மூன்றாவதும் வாசித்தால்தான் திங்கட்கிழமை தாலி. புதன்கிழமை விபூதித் திருநாள். அன்று தபசுகாலம் தொடங்கிவிட்டால் பாஸ்காத் திருநாள் வரை சாமியார் யாருக்கும் கல்யாணம் முடித்து வைக்கமாட்டார். ஆகையால் கோபப்பட எனக்கு நேரமில்லை. விளக்கம் மட்டும் எழுதுகிறேன்.

எனக்கு வியாதி கிடையாது. மேட்டூர் கரண்டு வந்தபிறகு எங்கள் மில் ராத்திரியும் ஓடுகிறது. மின்சாரப் பகுதியில் ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை என் முறை. ராத்திரி விழித்திருப்பதற்குத்தான் சம்பளம். ஆகவே பகலில் படுக்கிறேன். ஆனால் நான் குடியிருக்கும் தெருவில் பகலில் படுத்திருப்பவன் நோயாளி. நோயாளியைப் போய்ப் பார்க்காதவன் மனுஷனே இல்லை. இந்த இரண்டையும் சேர்த்துப் பாருங்கள், என் நிலைமை புரியும்.

இரண்டு வாரத்துக்கு முன் ஒரு நாள், முதலில் வீட்டுக்காரி தெரசம்மாள் கதவைத் தட்டி, "ஏன் சாமி, படுத்தே கெடக்கறீங்க, காச்சலா?" என்று நெற்றியைத் தொட்டாள், காய்ச்சல் இல்லை, தூக்கம்தான் வரமாட்டேன் என்கிறது என்று எரிச்சலில் சொல்லித் தொலைத்தேன், அதுதான் பிசகு, அரை மணியில் அந்த அம்மாள் தூக்கம் வருவதற்கென்று ஒரு லோட்டா நிறையச் சூடாகக் காப்பி கொண்டுவந்தாள், மறுக்க முடியாமல் குடித்துவிட்டு கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன், ஒருவழியாகக் கண்ணயர்ந்தபோது எதிர்வீட்டு ஆத்தாயி விளக்கெண்ணெயோடு வந்து உச்சந்தலையில் அறைந்து தேய்த்து, "இப்பப் பாருங்க தம்பி, தூக்கம் எப்பிடி வருதுன்னு" என்றாள், "வந்திருந்ததம்மா, நீங்கள் வந்ததும் போய்விட்டது" என்றேன், அப்புறம் பக்கத்து வீட்டு நெசவாளி சென்னிமலை. அவர் என் ஜன்னலுக்கு நேரே சேலை நெய்யும் நூல் பாவைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் கூவிக்கொண்டிருந்தவர், விஷயம் கேள்விப்பட்டு, சத்தம் போட்டதற்கு மன்னிப்புக் கேட்பதற்கென்றே வந்து கதவை இடித்தார். "தூங்கறீங்களோ என்னமோன்னு மெல்லமாத்தானுங்க தட்டினேன்." அன்றிலிருந்து தினமும் இதே கதை; இன்றைக்கு ஏழு பேர்.

இது தெருவோடு போயிருந்தால் தங்களுக்கு இந்தக் கடிதம் வந்திராது. ஓலை வாசிக்கும்போது சாமியார், "இந்தக் கல்யாணத்துக்கு விக்கினம் ஏதும் தெரிந்தவர்கள் அறிவிக்க வேண்டும், மறைத்தால் பாவம்" என்கிறார் அல்லவா? தெரசம்மாள் பாவத்துக்குப் பயந்தவள். முதல் ஓலை வாசித்த அன்று பூசை முடிந்ததும் அவரிடம் போய், "சாமி, அந்தத் தம்பி ராவெல்லாம் முழிச்சிருக்குது, பகலெல்லாம் படுத்திருக்குது, தூக்கமும் வரலேங்குது. தங்கமான தம்பிதான். இருந்தாலும் எனக்கு எதுக்குங்க அந்தப் பாவம்?" என்று ஒப்பித்துவிட்டாள். அவர் தங்கள் ஊர்ச் சாமியாருக்கு எழுதினார். தாங்கள் கேட்ட கேள்வி பிறந்த கதை இது.

தூக்கம் ஸ்விட்சு அல்ல, மாமா. மோட்டாரை அணைத்தாலும் கொஞ்சம் சுற்றித்தான் நிற்கும்; உடம்பும் அப்படியே. வெளிச்சம் பட்டால் பகல் என்று எண்ணி வேலைக்குத் தயாராகிவிடுகிறது. அறை இருட்டாக இருக்கவேண்டும், சத்தம் கூடாது, தினமும் ஒரே நேரத்தில் படுக்கவேண்டும், அதற்கு முன் காப்பி கூடாது. இவ்வளவுதான் மருந்து. இன்னொன்றும் உண்டு: தூக்கம் வருகிறதா, வருகிறதா என்று கவனித்துக்கொண்டே கிடந்தால் அது வராது. தங்கள் கார்டு கிடைத்தது முதல் நான் செய்துகொண்டிருப்பது அதுதான். தூங்காவிட்டால் பெண் இல்லை என்று எழுதிக் கையில் கொடுத்தபின் எவனுக்குத் தூக்கம் வரும்?

சற்றுமுன் ஜன்னலுக்குக் கோணி கட்டினேன். தெருவைக் கூப்பிட்டு, இனி என் கதவைத் தட்டுகிறவர் யாராயிருந்தாலும் சரி, அன்றைக்கே வீட்டைக் காலி செய்வேன் என்று சொல்லிவிட்டேன். தாங்களும் தடை ஏதுமில்லை என்று சாமியாரிடம் உடனே சொல்லவும். அத்தைக்கும் வீட்டில் யாவருக்கும் என் தோத்திரம். இன்னாசிமேரிக்குத் தனியாக எழுதுவது முறையல்ல. ஆனபடியால் எழுதவில்லை என்பதை அவளிடம் சொல்லவும்.

இப்படிக்கு,
சின்னப்பராஜ்

பின்குறிப்பு: வெள்ளிக்கிழமை காலை. கடிதத்தை ஒட்டுமுன் கொஞ்சம் தலையைச் சாய்த்தேன். இப்போதுதான் எழுந்தேன். ராத்திரி வேலைக்குப் போகவில்லை; ஒருவரும் எழுப்பவில்லை. நான் இல்லாமலே மில் ஓடியிருக்கிறது, அதில் எனக்குச் சற்று வருத்தம். நேற்றுப் பிற்பகல் தாங்களே நேரில் வந்தீர்களாம். தெரசம்மாள் வாசலில் குறுக்கே நின்று, "மாமனாரா இருந்தாலும் தட்டப்படாதுங்க, தம்பி ஊட்டைக் காலி பண்ணீரும்" என்று மறித்துவிட்டாளாம். தாங்கள் ஜன்னலோரம் நின்று கேட்டுவிட்டு, "இந்தக் கொறட்டை உடறவனுக்கா தூக்கமில்லே? ஓலையைப் படிக்கச் சொல்லீர்றனுங்க. ஆனா இந்தச் சத்தத்துல எம் புள்ளை எப்பிடியுங்க தூங்கும்?" என்று சொல்லிப் போனீர்களாம். கேள்வி நியாயமானது. ஆகையால் மேலே எழுதிய விளக்கத்தைத் தள்ளிவிடவும். இனி நான் செய்யப்போவது:

1. மில்லுக்குப் போய், தூங்கிவிட்டேன் என்று உள்ளதை உள்ளபடி சொல்லுவது.

2. ஞாயிறு காலை வேலை முடிந்து நேரே பூசைக்குப் போய், மூன்றாம் ஓலை முடியும்வரை உட்காராமல் நிற்பது. உட்கார்ந்தால் உத்தரவாதம் இல்லை.

3. கல்யாணத்துக்குப்பின் பகல் முறை வேண்டும் என்று மானேஜரிடம் கொடுத்த மனுவைத் திரும்ப வாங்கிக்கொள்வது. நான் பகலில் குறட்டை விட்டால், இன்னாசிமேரி ராத்திரி நிம்மதியாகத் தூங்கலாம்.