பஞ்சுவின் பத்து நாள் விடுப்பு

கருணைக்கு நிரந்தர முகவரி கிடையாது என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு விவரம் போதாது. கருணை நான்காவது மாடியில் இருக்கிறது. லிஃப்ட்டை விட்டு இறங்கி இடதுபக்கம் திரும்பினால் ஒரு கண்ணாடிக் கதவு. காலை ஒன்பதரையிலிருந்து மாலை ஆறரை வரை உள்ளே கிடைக்கும்.

மருத்துவக் காப்பீட்டு விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் அலுவலகம் அது. நாற்பத்து மூன்று பேரும் ஒரு முயலும் வேலை பார்க்கிறார்கள்.

மனிதவளத் துறைக்கு 'மகிழ்ச்சித் துறை' என்று பெயர் மாற்றிய வாரத்தில்தான் முயல் வந்தது. பெயரை மாற்றியும் யாரும் மகிழவில்லை என்பதைக் கவனித்த மகிழ்ச்சி அதிகாரி, ஒரு வெள்ளை முயலை வாங்கி வந்து 'மன அமைதி ஒருங்கிணைப்பாளர்' என்று பதவி கொடுத்தார். அடையாள அட்டையும் கொடுத்தார். முயல் அதை முதல் நாளே தின்றுவிட்டது. மற்றவர்கள் அட்டையைத் தொலைத்தால் மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டும். முயலுக்குப் புது அட்டை வந்தது. எல்லோரும் அதைப் பஞ்சு என்று கூப்பிட்டார்கள். மேலாளர் மட்டும் பதவிக்கு மரியாதை கொடுத்து 'பஞ்சு அவங்க' என்பார்.

அதே அலுவலகத்தில் ஃபைல் அக்காவும் இருந்தாள். பதினோரு வருடமாக ஊரார் ஆபரேஷன் காகிதங்களைப் படித்து, 'சரி', 'சரியில்லை' என்று எழுதுகிறவள். எந்த உறுப்பை எடுத்தால் எத்தனை நாள் படுக்க வேண்டும் என்பது அவளுக்கு மனப்பாடம். அவளுக்கே கர்ப்பப்பையில் கட்டி வந்தபோது, ஓய்வு எத்தனை நாள் என்று யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. லீவுதான் இல்லை.

லீவு விண்ணப்பம் கணினியில் இருந்தது. காரணங்களின் பட்டியலில் காய்ச்சல் இருந்தது, விபத்து இருந்தது, மகப்பேறு, துக்கம், 'சுய முன்னேற்றப் பயிற்சி' எல்லாம் இருந்தன. கர்ப்பப்பை இல்லை. 'மற்றவை' என்பதை அழுத்தினால் தலைமை அலுவலகத்துக்குப் போகும். போனது. இரண்டு தடவை போனது. திரும்பி வரத்தான் இல்லை. மருத்துவமனையில் வாங்கிய தேதிகள் இரண்டும் கடந்து போயின. மூன்றாவது தேதி, வருகிற புதன்கிழமை.

"இதையும் விட்டீங்கன்னா அப்புறம் என்கிட்ட வந்து அழாதீங்க" என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

அந்த நிலையில்தான் அவசரக் கூட்டம் கூடியது. மகிழ்ச்சி அதிகாரி எழுந்து நின்று, கால்நடை மருத்துவரின் கடிதத்தைத் தழுதழுத்த குரலில் படித்தார். பெண் முயலுக்குக் கர்ப்பப்பையை எடுக்காவிட்டால் பிற்காலத்தில் அதில் கட்டி வரலாம்.

மேலாளர் கண்ணாடியைக் கழற்றினார். "வரலாம்னா?"

"வரலாம் சார்."

"எப்ப வேணா வரலாம்ல? ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. திங்கட்கிழமையே பண்ணிடுங்க."

ஃபைல் அக்கா கையைத் தூக்கினாள். "சார், எனக்கு வந்தே இருக்கு."

"என்னது?"

"கட்டி. ரெண்டு தடவை லீவு கேட்டு..."

"ஏம்மா, ஒரு உயிர் சம்பந்தப்பட்ட மீட்டிங்ல உக்காந்திருக்கோம். சொந்த விஷயத்தை அப்புறம் பேசலாமே."

ஒரே மதியத்தில் 'துணைப் பணியாளர் உடல்நல மீட்புக் கொள்கை' உருவானது. முயலுக்குப் பத்து நாள் ஓய்வு. அலுவலகத்தில் இரைச்சல் இருப்பதால், பணியாளர் ஒருவர் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். அவருக்கும் பத்து நாள் விடுப்பு, முழுச் சம்பளத்தோடு. இதில் தலைமை அலுவலகத்தைக் கேட்க வேண்டியதில்லை.

யார் கொண்டுபோவது என்று கேட்டதும் அறையில் அன்பு பொங்கியது. மேலாளரின் மனைவிக்கு ரோமம் ஆகாது. மகிழ்ச்சி அதிகாரி வீட்டில் வெள்ளைக் கம்பளம். கணக்குப் பிரிவுக்காரர், தான் பார்த்துக்கொண்ட தொட்டிச் செடிகளின் கதியை மனம்திறந்து ஒப்புக்கொண்டார்.

"நான் கொண்டுபோறேன் சார்" என்றாள் ஃபைல் அக்கா.

மேலாளர் எழுந்து கைகூப்பினார். "இதுதாம்மா மனுஷத்தன்மை."

திங்கட்கிழமை மாலை நான்கு மணிக்கு ஆபரேஷன் முடிந்த முயலோடு இரும்புக் கூண்டு அவள் வீட்டு வாசலுக்கு வந்தது. அவள் கணவன் லிஃப்ட் மெக்கானிக். எதையும் சட்டென்று நம்பாதவன்.

"என்னது இது?"

"என்னோட லீவு."

குனிந்து பார்த்தான். "லீவுக்குக் காது இருக்கு."

சிரிக்க நேரமில்லை. கால்நடை மருத்துவமனைப் பெண் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். கதகதப்பான மூலை வேண்டும். மரத்தூள் தையலில் ஒட்டும், துணிதான் விரிக்க வேண்டும். குதிக்க விடக் கூடாது. தையலை நக்குகிறதா, சிவந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வலி மருந்து நேரம் தவறக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே: "அது தின்னணும், புழுக்கை போடணும். முயலுக்குக் குடல் வேலை செய்யறது நின்னா உயிர் நின்ன மாதிரி. ரெண்டுல ஒண்ணு நடக்கலைன்னாலும் உடனே கூப்பிடுங்க."

பஞ்சு மூலையில் உருண்டையாக உட்கார்ந்திருந்தது. காய்ந்த புல்லை வைத்தார்கள். பார்க்கவில்லை. கொத்தமல்லித் தழையை மூக்கருகே காட்டினார்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"மெஷின் நின்னுடுச்சா?" என்றான் கணவன்.

"வாயை மூடு."

மருத்துவமனையில் கொடுத்த மாவை வெந்நீரில் குழைத்து, ஊசியில்லாத சிரிஞ்சில் ஏற்றினாள். முயலைத் துண்டில் சுற்றி மடியில் வைத்து, வாயோரத்தில் சொட்டுச் சொட்டாக விட்டாள். பாதி துண்டுக்குப் போனது. அவள் அடிவயிற்றில் பழைய வலி ஒரு சுற்று வந்துவிட்டுப் போனது. அசையாமல் இருந்தாள்.

"இங்க பாரு" என்றாள் முயலிடம். "நீ செத்துப்போனா நாளைக்கு ஒன்பதரைக்கு நான் ஆபீஸ்ல இருக்கணும். எனக்குத் தேதி நாளன்னைக்கு. மரியாதையா முழுங்கு."

இந்த ஆறுதல் மொழி வேலை செய்தது. நான்காவது சிரிஞ்சில் முயல் மென்றது. ஏழு மணிக்கு ஒரு தழையைத் தானாக இழுத்தது. விடிந்து பார்த்தால், துணியின் மேல் மிளகு மிளகாகப் புழுக்கை. இருவரும் மண்டியிட்டு எண்ணினார்கள்.

'பஞ்சு நலம்' வாட்ஸப் குழுவில் மேலாளர் சரியாக ஒன்பதரைக்கு வந்தார். 'வெளியீடு ஏதாவது உண்டா?'

'பதினேழு' என்று அனுப்பினாள்.

நாற்பத்தொரு கைதட்டல்கள் வந்து விழுந்தன. கணக்குப் பிரிவுக்காரர் வரைபடம் போட்டார்.

புதன்கிழமை விடியற்காலையில் அவள் தன் பையோடு மருத்துவமனைக்குப் போனாள். போகும்போது கைபேசியைக் கணவனிடம் கொடுத்தாள். அவன் காலையில் முயலுக்கு மருந்து கொடுத்தான், மதியம் மனைவிக்குத் துணையிருந்தான், சாயங்காலம் வந்து எண்ணினான். 'முப்பத்தெட்டு. நல்ல சைஸ்' என்று அவளுடைய கைபேசியிலிருந்து அனுப்பினான். 'உங்கள் அர்ப்பணிப்பு எங்களை நெகிழ வைக்கிறது' என்று மகிழ்ச்சி அதிகாரி பதில் போட்டார். அந்த நேரத்தில் அர்ப்பணிப்பு மயக்க மருந்து தெளியாமல் படுத்திருந்தது.

வெள்ளிக்கிழமை வீடு திரும்பினாள். கர்ப்பப்பை போய்விட்டது, கட்டியும் போய்விட்டது. ஆறு வாரம் ஓய்வெடுக்க வேண்டும், எதையும் தூக்கக் கூடாது என்றார் டாக்டரம்மா. இன்னும் ஐந்து நாள் இருக்கிறது என்றாள் ஃபைல் அக்கா. முயல் ஒரு பக்கமும் அவள் ஒரு பக்கமுமாக ஒரே அறையில் படுத்தார்கள். முயலுக்கு நடக்க அவசரமில்லை. அவளுக்கும்தான்.

சனிக்கிழமை காலை கதவு தட்டப்பட்டது. மேலாளரும் மகிழ்ச்சி அதிகாரியும் மூன்று மாடி ஏறி வந்து மூச்சு வாங்க நின்றார்கள். லிஃப்ட் மெக்கானிக் குடியிருக்கும் கட்டிடத்தில் லிஃப்ட் இல்லை. கையில் ரிப்பன் கட்டிய கூடை. உள்ளே காய்ந்த புல்.

மேலாளர் நேராகக் கூண்டுக்குப் போய்க் கைகட்டி நின்றார். பிறகுதான் கட்டில் அவர் கண்ணில் பட்டது.

"ஏம்மா, நீங்க ஏன் படுத்திருக்கீங்க?"

"எனக்கும் ஆபரேஷன் சார். புதன்கிழமை."

மேலாளரின் முகம் வெளுத்தது. "புதன்கிழமையா? அப்ப புதன்கிழமை பஞ்சு அவங்களை யாரு பார்த்துக்கிட்டது?"

"நான்தான்" என்றான் கணவன்.

"நீங்க எங்க பணியாளர் இல்லையே!" மகிழ்ச்சி அதிகாரி பதறினார். "பணியாளர் அல்லாதவங்க ஒருங்கிணைப்பாளரைத் தொடவே கூடாது. அவங்களோட மருத்துவத் தகவலெல்லாம் ரகசியம்."

"என்ன ரகசியம்? புழுக்கைதானே."

மேலாளர் கையை உயர்த்தினார். நிலைமை கட்டுமீறிப் போவதைத் தடுக்கும் கை. "விடுப்பு முயலுக்காகக் கொடுத்தது. முயல் இங்க இருக்கற வரைக்கும்தான் அது செல்லும். பஞ்சு அவங்களை இப்பவே கூட்டிட்டுப் போறோம். நீங்க திங்கட்கிழமை வந்துடுங்க."

ஃபைல் அக்கா கூரையைப் பார்த்தாள். பத்தில் ஐந்து போயிற்று. தையலோடு பேருந்தில் நின்று போவது எப்படியிருக்கும் என்று யோசித்தாள்.

"கூண்டைக் கொஞ்சம் கீழ வரைக்கும் தூக்கிட்டு வாங்கம்மா" என்றார் மேலாளர். "பார்த்து. அவங்களுக்குத் தையல் இன்னும் ஆறல."

"நான் தூக்க மாட்டேன் சார். எனக்கும் ஆறல."

மேலாளர் கணவனைப் பார்த்தார். அவன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். "நான்தான் தொடக் கூடாதே."

மேலாளர் மகிழ்ச்சி அதிகாரியைப் பார்த்தார். அவர் தன் நகங்களைப் பார்த்தார். பிறகு துணிந்து கூண்டின் பிடியில் இரண்டு விரல்களை வைத்தார். பஞ்சு பின்னங்காலால் தரையில் ஓங்கி ஒரு தட்டு தட்டியது. அவர் சுவரோரம் போய் ஒட்டிக்கொண்டார்.

"சார், நீங்க?" என்றார் அங்கிருந்தே.

"எனக்கு இடுப்பு. போன வருஷமே டாக்டர் சொல்லிட்டார்."

"டிரைவர்?"

"வண்டியை நடுரோட்டுல நிறுத்தியிருக்கு. நகர முடியாது."

நால்வரும் கூண்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சரியாகச் சொன்னால் மூவர் நின்றார்கள், ஒருத்தி படுத்திருந்தாள். முயல், கூண்டையொட்டி வைத்திருந்த புதுக் கூடையின் ரிப்பனைக் கம்பி வழியே இழுத்துத் தின்றுகொண்டிருந்தது.

ஐந்து நிமிடம் கழித்து மேலாளர் தொண்டையைச் செருமினார். "பயணம் அவங்க உடம்புக்கு ஒத்துக்காது. இங்கயே இருக்கட்டும்."

"பத்து நாளும் சார்?" என்றாள் ஃபைல் அக்கா.

"பத்து நாளும்."

படியிறங்கும்போது மேலாளர் இடுப்பைப் பிடித்துக்கொண்டே போனார். கணவன் ஜன்னல் வழியே பார்த்துவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தான். "சிரிக்காத. தையல் பிரிஞ்சுடும்" என்றான். அவள் தலையணையை வயிற்றில் அழுத்திக்கொண்டு சிரித்தாள்.

திங்கட்கிழமை குழுவில் அறிக்கை வந்தது. இரண்டு பக்கம். நிறுவனம் ஓர் உயிரின் நலனைத் தன் வசதிக்கு மேலாக வைத்த விதம் அதில் விரிவாக இருந்தது. மூன்று மாடி ஏறியது இருந்தது. கூடை இருந்தது. நாற்பத்தொரு பேர் கைதட்டியிருந்தார்கள்.

ஃபைல் அக்காவைப் பற்றியும் கடைசியில் ஒரு வரி இருந்தது: 'பணியாளர் கூண்டைத் தூக்க மறுத்தார். விளக்கம் கேட்கப்படுகிறது.'