அப்பா பெருக்கிய ஏர்போர்ட்

சுத்தம் நல்லதுதான். உங்கள் பள்ளிக்கூடச் சுவரில் எழுதிப் போட்டிருக்கிறார்கள். நானும் என் பிள்ளைகளிடம் தினமும் சொல்கிறேன். ஆனால் எதைச் சுத்தம் செய்கிறோம் என்று தெரியாமல் துடைப்பத்தைக் கையில் எடுக்கிற ஒருவனைப் பார்த்தால், பிள்ளைகளே, கொஞ்சம் தூர நின்றுகொள்ளுங்கள். அவன் நல்லவனாகத்தான் இருப்பான். ஆபத்தே அதில்தான் இருக்கிறது.

அந்த நல்லவன் நான்தான்.

ஜொகூர் மாநிலத்து உலு திராமில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு நிலம். நான்கு பேட்மிண்டன் திடல்களைச் சேர்த்து வைத்த அளவு இருக்கும். வீட்டுப் பக்கம் மேடு. அங்கிருந்து சரிந்து சாலைக் கால்வாய் வரைக்கும் இறங்கும். நிலம் எங்களுடையது இல்லை, சிவபாதம் ஐயாவுடையது. யாழ்ப்பாணத்து வம்சம். அரசாங்கத்தில் நில அளவையாளராக இருந்து ஓய்வு பெற்று, ஜொகூர் பாருவில் இருக்கிறார்.

முன்பு அந்த இடத்தில் யாரோ கல்லைக் கொட்டி லாரி நிறுத்தியிருந்தார்கள். நாங்கள் வாடகைக்கு எடுத்தபோது மண் சிமெண்டு மாதிரி இருந்தது. மண்வெட்டியை ஓங்கிப் போட்டால் ‘டங்’ என்று சத்தம் வரும். மண்ணுக்கு ஒன்றும் ஆகாது, நம் தோள்பட்டைதான் கழன்றுபோகும். அதில் மிளகாய்த் தோட்டம் போடப் போகிறேன் என்றாள் என் மனைவி புவனா. நான் சிரித்தேன். (அலமாக், ஏன்தான் சிரிச்சேனோ!)

அவள் மளிகைக் கடைக்குப் போய் பச்சைப்பயறும் தட்டைப்பயறும் வாங்கி வந்தாள். குழம்பு என்று நினைத்தேன். தண்ணீரில் ஊற வைத்தாள். சரி, சுண்டல் என்று நினைத்தேன். அவ்வளவையும் எடுத்துக்கொண்டுபோய் மண்ணைக் கீறிக் கீறிப் போட்டாள்.

பயறு முளைத்துக் கொடியாகி நிலத்தை மூடியது. பூ விட்டதும் அறுத்தாள். அறுத்ததை அள்ளாமல் அங்கேயே போட்டுவிட்டு, அதன்மேலேயே மறுபடியும் விதைத்தாள். இப்படியே மூன்று தடவை. இதற்கு மூடுபயிர் என்று பெயர். இலைகள் வெயிலையும் மழையையும் தாங்கிக்கொள்ளும். வேர்கள் கெட்டி மண்ணைத் துளைத்து வழி விடும். பயற்று வேரில் இருக்கிற குட்டிக் குட்டி முடிச்சுகள் மண்ணுக்குச் சத்து சேர்க்கும். அறுத்துப் போட்டது மக்கி மண்புழுவுக்குச் சாப்பாடாகும். இன்றைக்கு இதையெல்லாம் வாத்தியார் மாதிரிச் சொல்கிறேன். அன்றைக்கு எனக்கு ஒன்றும் தெரியாது.

அவள் சொல்லாமல் இல்லை. எனக்குச் சிங்கப்பூரில் தொழிற்சாலை வேலை. விடிவதற்கு முன்னால் எல்லைப் பாலத்துக் காஸ்வே ஜாமில் நிற்பேன், இருட்டியபின் திரும்பி வருவேன். சாப்பாடு போட்டுக்கொண்டே அவள் மண்ணைப் பற்றிச் சொல்லுவாள். சோற்றைப் பிசைந்தபடியே நான் தூங்கிக்கொண்டிருப்பேன். ஒரு நாள், “மண்ணுக்குப் போர்வை போத்தி விடறோங்க” என்றாள். போர்வை என்று காதில் விழுந்ததும் தட்டுக்குப் பக்கத்திலேயே தலையைச் சாய்த்துவிட்டேன்.

அந்த நேரத்தில்தான் லாரி முதலாளி ஒருவர், அந்த நிலத்தைத் தனக்கு விடச் சொல்லி ஐயாவைக் கேட்டார். ஐயா புவனாவுக்குப் போன் போட்டு, “பிள்ளை, ஞாயிற்றுக்கிழமை வந்து பாக்கிறன். பாத்துப்போட்டு முடிவு சொல்லுறன்” என்றார். புவனா அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. நிலம் போய்விட்டால் அவள் மண்ணில் போட்ட அவ்வளவு பாடும் லாரி டயருக்கு அடியில் போகும். அது எனக்கும் தெரிந்தது. அதனால்தான் உதவி செய்யக் கிளம்பினேன்.

சனிக்கிழமை காலையில் புவனா பிள்ளைகள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு, மெர்சிங்கில் அவள் அக்கா வீட்டுக் காதுகுத்துக்குப் போனாள். “நாளைக்குக் காலைல வந்துருவோம். வீட்டப் பாத்துக்குங்க” என்றாள். (வீட்டைத்தான் சொன்னாள். நிலத்தை இல்லை.)

அன்றுதான் பல மாதங்களுக்குப் பிறகு நிலத்தைப் பகல் வெளிச்சத்தில் நின்று பார்த்தேன். நெஞ்சு பகீர் என்றது. முழங்கால் உயரத்துக்குக் கொடி. அதற்கு அடியில் காய்ந்த தழையும் குப்பையுமாக மெத்தை மெத்தையாக. பாவம், தனியாளாக அறுத்ததை அள்ளிப் போடக்கூட அவளுக்கு நேரமில்லை, அதற்குமேல் களை வேறு மண்டிவிட்டது என்று நினைத்தேன். கண் கலங்கிவிட்டது, உண்மையாக.

இன்னொன்று, சிவபாதம் ஐயா எப்படிப்பட்டவர் தெரியுமா? கைக்குட்டைக்குக்கூட இஸ்திரி போடுகிறவர். காரை விட்டு இறங்கினால் முதலில் தன் காலில் இருக்கிற சப்பாத்தைப் பார்ப்பார், அப்புறம்தான் மனிதரைப் பார்ப்பார். அப்படிப்பட்டவர் இந்தக் காட்டைப் பார்த்தால் என்ன சொல்வார்? நேராக லாரிதான்!

நான் ரப்பர்த் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்தவன். எங்கள் வாசலில் ஒரு புல் முளைத்தால் குடும்ப மானமே போய்விடும். பெருக்கி முடித்தால் ஈர்க்குத் துடைப்பம் போட்ட கோடு மண்ணில் வரிசை வரிசையாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அம்மா இன்னொரு முறை பெருக்கச் சொல்வார். வெறும் மண் தெரிந்தால்தான் சுத்தம் என்று என் தலையில் ஊறிவிட்டது.

கோயிலிலிருந்து புல் வெட்டும் மெஷினை இரவல் வாங்கி வந்தேன். இடது பாதியில் ஆரம்பித்தேன். வெட்டினேன். வேரையும் விடாமல் மண்வெட்டியால் சுரண்டி எடுத்தேன். ஆட்டுப்பண்ணைக்காரர் ஒருவருக்குப் போன் போட்டு, “ஆட்டுக்குத் தழை வேணுமாண்ணே? சும்மாவே தரேன்” என்றேன். அவர் சந்தோஷமாக லாரியோடு வந்து அவ்வளவையும் அள்ளிக்கொண்டு போனார். என் மனைவி பார்த்துப் பார்த்து வளர்த்ததை அவருடைய ஆடுகள் அன்று சாயங்காலமே அசைபோட்டு முடித்துவிட்டன.

பிறகு பெருக்கினேன். பெருக்கியது போதாதென்று, தண்ணீர் டிரம் ஒன்றை மேலும் கீழும் உருட்டி மண்ணைச் சமமாக்கினேன். மறுபடியும் பெருக்கினேன். கோடு கோடாக, என்ன ஒரு அழகு! மறுநாள் காலையில் சாலையோரமாக அரிசி மாவில் ஒரு கோலமும் போட்டேன். (தாமரைனு நெனச்சுத்தான் போட்டேன். பாத்தா காத்தாடி மாதிரி இருந்துச்சு.)

வலது பாதிக்குப் போகலாம் என்று மெஷினை இழுத்தேன். கிளம்பவில்லை. எவ்வளவு இழுத்தும் இருமியதே தவிர ஓடவில்லை. அந்த மெஷினைக் கோயில் மெஷின் என்று சும்மா சொல்லவில்லை. அன்றைக்கு அதற்குள் சாமி இருந்தது.

புவனா காரை நிறுத்திவிட்டு, கருவாட்டுப் பொட்டலத்தோடு வந்தாள். நிலத்தைப் பார்த்தாள். பொட்டலத்தை மெதுவாகக் கீழே வைத்தாள்.

“என்னங்க... இந்தப் பக்கம் என்ன ஆச்சு?”

“சுத்தம் பண்ணேன்.”

“எத?”

“புல்ல.”

“அது புல்லாங்க?”

“கொஞ்சம் பயறு மாதிரியும் இருந்துச்சு...”

“பயறு மாதிரி இருந்துச்சுன்னு தெரிஞ்சும் வெட்டுனீங்களா? சரி, வெட்டுனது எங்க?”

“ஆடு சாப்ட்ருச்சு.”

அவள் என்னைப் பார்த்தாள். அப்போது எங்கள் மகள் கவிதா ஓடிவந்து அந்த வெறும் மண்ணைப் பார்த்து, “ஐ! அப்பா ஏர்போர்ட் கட்டிட்டாரு!” என்று கத்தினாள். அவள் தம்பி உடனே கைகளை விரித்துக்கொண்டு விமானம் விட ஆரம்பித்தான்.

வானம் கறுத்தது. அதே நேரத்தில் ஐயாவின் கார் சாலையோரம் வந்து நின்றது. வெள்ளைக் கால்சட்டை, கறுப்புக் குடை, பளபளக்கிற சப்பாத்து. அவர் கோலத்தைத் தாண்டிக் காலை வைத்ததும் மழை பிடித்துக்கொண்டது.

ஜொகூர் மழை எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வாளியைக் கவிழ்த்த மாதிரி. முதலில் காத்தாடித் தாமரை போனது. அப்புறம் துடைப்பக் கோடுகள் ஒவ்வொன்றும் ஒரு வாய்க்காலாக மாறின. நான் அத்தனை நேராகப் பெருக்கியிருந்ததால் தண்ணீருக்கு வழி தேடும் வேலையே இல்லை. மேட்டிலிருந்து மண் கரைந்து, தே தாரே பால் டீயின் நிறத்தில் நுரைத்துக்கொண்டு இறங்கியது. மண்ணில் இருக்கிற சத்தெல்லாம் மேலேதானே இருக்கும்? அந்த மேல்மண்தான் முதலில் போனது. மூன்று தடவை விதைத்து அவள் உண்டாக்கிய மண் என் கண்ணெதிரே கால்வாய்க்குள் விழுந்துகொண்டிருந்தது.

மேட்டிலிருந்து ஓடினேன். மண்ணை எப்படியாவது நிறுத்திவிட வேண்டும் என்று. எதை வைத்து நிறுத்துவது? கையில் துடைப்பம்தான் இருந்தது. இரண்டு எட்டு வைத்தேன், கால் வழுக்கியது, உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்தவன் நிற்கவில்லை. டிரம் உருட்டிச் சமமாக்கிய தரை என்னையும் நன்றாகவே உருட்டியது. துடைப்பத்தை நெஞ்சோடு அணைத்தபடி சறுக்கிக்கொண்டே வந்து, ஐயாவின் சப்பாத்துக்கு முன்னால் சேற்றோடு சேறாக நின்றேன்.

குடைக்கு அடியிலிருந்து ஐயா குனிந்து பார்த்தார்.

“தம்பி, எங்க போறீர்?”

“மண்ணு போற எடத்துக்குத்தான், ஐயா.”

அவருடைய வெள்ளைக் கால்சட்டையில் முழங்கால் வரைக்கும் எங்கள் தோட்டம் இருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. வலது பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கேயும் அதே மழைதான். ஆனால் சத்தமே வேறு. இலைமேல் சலசலவென்று விழுந்து, தழை மெத்தைக்குள் இறங்கி, காணாமல் போய்க்கொண்டிருந்தது. கால்வாய்ப் பக்கம் கொஞ்சம் தண்ணீர் கசிந்தது. தெளிந்த தண்ணீர்.

மழை குறைந்ததும் அவர் கேட்டார். “இந்தப் பக்கம் இப்பிடிச் செய்தது ஆர்?”

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் புவனா முன்னால் வந்தாள்.

“நாங்கதான் ஐயா. மூடுனா எப்படி இருக்கும், மூடாட்டி எப்படி இருக்கும்னு நீங்க ரெண்டையும் நேர்ல பாக்கட்டும்னு.”

பிள்ளைகளே, நான் எத்தனையோ கெட்டிக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். நெஞ்சு எரிந்துகொண்டிருக்கும்போது, நாசமாக்கியவன் மானத்தையும் காப்பாற்றி, அந்த நாசத்தையே தன் பக்கச் சாட்சியாகத் திருப்புகிற கெட்டிக்காரியை அன்றுதான் பார்த்தேன். அவளோடு அத்தனை வருஷம் குடும்பம் நடத்திவிட்டு, அன்றுதான் பார்த்தேன்!

அவள் மண்வெட்டியை எடுத்து வலது பக்கத்தில் ஒரு வெட்டு வெட்டினாள். ‘டங்’ சத்தம் இல்லை. கேக்கில் கத்தி இறங்குகிற மாதிரி இறங்கியது. கறுத்த மண், உதிர் உதிராக, உள்ளே மண்புழுக்கள் நெளிந்தன. ஐயா ஒரு கை அள்ளி மோந்து பார்த்தார். பிறகு இஸ்திரி போட்ட கைக்குட்டையை எடுத்தார். கையைத் துடைக்கப் போகிறார் என்று நினைத்தேன். அந்த மண்ணில் கொஞ்சத்தை அதில் வைத்து முடிந்துகொண்டார். “வீட்டில காட்டவேணும்” என்றார்.

அப்புறம் சொன்னார்: “லாரிக்காரருக்கு நான் சொல்லிப்போடுறன். பிள்ளை, நிலம் உம்மட்டையே இருக்கட்டும். ஆனா ஒண்டு. இந்தப் பக்கத்தில ஒரு துண்டு இப்பிடியே மொட்டையாய் இருக்கவேணும். என்ர சிநேகிதர்மாருக்குக் கூட்டிக்கொண்டு வந்து காட்டப்போறன்.”

“அத யாரு ஐயா பெருக்கி வைக்கிறது?” என்று கேட்டாள் புவனா. கேட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். ஐயா பார்த்தார். பிள்ளைகளும் பார்த்தார்கள். நான் கையிலிருந்த துடைப்பத்தைப் பார்த்தேன்.

காரில் ஏறும்போது ஐயா என்னைப் பக்கத்தில் அழைத்து, மெதுவாகச் சொன்னார். “தம்பி, சோதனைக்கெண்டு செய்திருந்தா நடுவில எல்லைக்கோடு நேராய் இருந்திருக்கும். இது பாம்பு மாதிரிக் கிடக்கு. நான் அளவைக்காரன். ஆனா உம்மட மனிசி சொன்னது நல்ல பதில்.”

இடது பாதியில் ஒரு துண்டை விட்டுவிட்டு மிச்சத்துக்கு நானே பயறு ஊற வைத்து, நானே விதைத்தேன். மண்ணில் பழையபடி கறுப்பு ஏற எவ்வளவோ காலம் பிடித்தது. சுரண்டுவதற்கு ஒரு நாள் போதும். உண்டாக்கத்தான் பொறுமை வேண்டும். அந்தப் பொறுமை புவனாவிடம் இருந்ததைப் பார்த்துத்தான் நானும் கொஞ்சம் கற்றுக்கொண்டேன். ஆட்டுக்காரரும் நல்ல மனிதர். அன்று ஆடுகள் தின்ற தழைக்குப் பதிலாக இன்றுவரை ஆட்டுப் புழுக்கை கொண்டுவந்து கொட்டுகிறார். வலது பாதியில் புவனாவின் மிளகாய், தழைப் போர்வைக்கு நடுவில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கிறது.

அந்த மொட்டைத் துண்டு மட்டும் இப்போதும் இருக்கிறது. பெயர் ஏர்போர்ட். ஐயா தன் நண்பர்களைக் கூட்டிவரும் ஞாயிறுகளில் நான் கோடு தெரியப் பெருக்கி வைக்க வேண்டும். புவனா இரண்டு பக்கமும் பூவாளியால் தண்ணீர் ஊற்றிக் காட்டுவாள். யாராவது, “அந்தப் பக்கம் ஏம்மா அப்படி?” என்று கேட்டுவிட்டால் போதும், கவிதா முந்திக்கொள்வாள். “அது எங்கப்பா பெருக்குனது!” சொந்தக்காரர்கள் வீட்டு விசேஷத்தில் யாராவது என் கையில் துடைப்பத்தைப் பார்த்தால், “அண்ணே, வெச்சிருங்கண்ணே, மழ வந்துரும்” என்கிறார்கள்.

போன ஞாயிறு பெருக்கும்போது ஏர்போர்ட் நடுவில் ஒரு பயற்று நாற்றைப் பார்த்தேன். எங்கிருந்து விழுந்த விதையோ, கெட்டி மண்ணைப் பிளந்துகொண்டு, இரண்டே இலையோடு. துடைப்பத்தை ஓங்கியவன் நின்றுவிட்டேன். யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிலும் பார்த்துக்கொண்டு, அதை விட்டுவிட்டுச் சுற்றிப் பெருக்கினேன்.

ஐயா வந்தார். சப்பாத்தைப் பார்க்கவில்லை; நேராக அந்த இரண்டு இலையைத்தான் பார்த்தார். பிறகு நண்பர்கள் முன்னால் சத்தமாகச் சொன்னார்.

“தம்பி, உம்மட ஏர்போர்ட்டில ஒரு பிளேன் இறங்கியிருக்குப் போல!”