புது டிரைவர் நீக்கப்பட்ட வரலாறு

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றை நோண்டிப் பார்க்காத சமூகம் முன்னேறியதாகச் சரித்திரமே கிடையாது.

அந்தக் கட்டட வரைபட அலுவலகமும் முன்னேறத் துடித்ததுதான். அங்கே படம் வரைகிற பெண்ணை எல்லாரும் 'படத்து அக்கா' என்பார்கள். ஒரு காலையில் அவளுடைய கணினி, "கிராபிக்ஸ் டிரைவருக்குப் புதிய பதிப்பு வந்துள்ளது" என்று பணிவுடன் தெரிவித்தது. திரையில் படம் காட்டும் மென்பொருளுக்கு டிரைவர் என்று பெயர். 'பிறகு பார்க்கலாம்' என்று தட்டித் தட்டி விரல் தேய்ந்திருந்த அக்கா, போய்த் தொலையட்டும் என்று 'சரி'யைத் தட்டினாள்.

திரை கண்ணை மூடித் திறந்தது. அவள் வரைந்த மூன்று மாடிப் பள்ளிக்கூடம் வௌவால் மாதிரி தலைகீழாகத் தொங்கியது. அதுவும் பச்சை நிறத்தில். மாலைக்குள் படம் போய்ச் சேராவிட்டால் வேலை வேறு அலுவலகத்துக்குக் கைமாறிவிடும்.

'கணினிப் பிரிவு' விரைந்து வந்தது. அந்தப் பிரிவில் தலைவர் மட்டுமே உண்டு.

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணீங்களா?"

"பண்ணேன் சார்."

"மனசார பண்ணீங்களா?"

அவரே மனசாரப் பண்ணினார். பள்ளிக்கூடம் ஊதா நிறமானது. ஒரு கம்பியைப் பிடுங்கிச் செருகினார். படம் பக்கவாட்டில் சரிந்தது.

"பாத்தீங்களா, பாதி நிமிந்துடுச்சு!"

அந்த உற்சாகத்தில் அப்டேட்டுக்கே ஒரு அப்டேட் போட்டார். மறுபடியும் தலைகீழ். தலைவர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார்.

"புது டிரைவரைத் தூக்கிட்டுப் பழசையே போட்டா சரியாயிடும்."

"அப்போ போடுங்களேன் சார்."

"நம்ம இஷ்டத்துக்குப் போட முடியுமா? மேலிடத்து அனுமதி வேணும்மா."

மேலிடத்துக்குக் குறிப்பு பறந்தது: 'புதிய டிரைவரால் பணிகள் தலைகீழாகிவிட்டன. உடனடியாக நீக்க அனுமதி கோரப்படுகிறது.' மேலாளர் நேர்மையானவர். எந்தத் தாளுக்கும் ஓரவஞ்சனை காட்டாமல், எல்லாவற்றிலும் படிக்காமலே கையெழுத்திடுவார். அடுத்து, ஆள் எடுக்க ஆறு மாதம் யோசிக்கும் பணியாளர் பிரிவு, ஆள் நீக்கும் வேலை என்றதும் காபி ஆறுவதற்குள் செய்து முடித்தது.

இதற்கிடையே அக்கா, கழுத்தைத் திருப்பித் திருப்பி வலி கண்டு, கணினியின் அமைப்புகளுக்குள் புகுந்து துழாவினாள். 'பழைய பதிப்புக்குத் திரும்பு' என்று ஒரு பொத்தான் கிடந்தது. அழுத்தினாள். பள்ளிக்கூடம் சமர்த்தாக நிமிர்ந்து நின்றது. படத்தை அனுப்பிவிட்டு மூச்சு விட்டபோது, மேலாளரின் கார் டிரைவர் கையில் உறையோடு வந்து நின்றார்.

"நான் என்னக்கா தப்பு பண்ணேன்? சேந்தே ஒரு மாசந்தான் ஆகுது. எல்லாத்தையும் தலைகீழாக்கிட்டேனாம். காருல ஒரு கீறல்கூட விழலியே!"

உறைக்குள் இருந்த பணிநீக்க உத்தரவை அக்கா படித்தாள். மேலாளர் அறைக்கு ஓடினாள்.

"சார், நாங்க தூக்கச் சொன்னது கம்ப்யூட்டர் டிரைவரை!"

"அப்படியா? அதுக்கு லைசென்ஸ் இருந்துச்சா?"

"அது ஆளே இல்ல சார்! இவர் பாவம், உத்தரவை ரத்து பண்ணுங்க."

மேலாளர் வேதனையோடு புன்னகைத்தார். "ரத்து பண்ணா நான் தப்பு பண்ணிட்டேன்னு ஆயிடுமேம்மா."

மாலையில் மழை பிடித்துக்கொண்டது. மேலாளர் வாசலுக்கு வந்தார். கார் இருந்தது. ஓட்ட ஆள் இல்லை. அவருக்கோ ஓட்டத் தெரியாது; உட்காரத்தான் தெரியும். அக்காவின் ஸ்கூட்டரில் பின்னால் தொற்றிக்கொண்டார்.

"மெதுவா போம்மா. இந்தப் புது டிரைவருங்களை நம்பவே முடியல."

பாதி வழியில் அக்கா வண்டியை ஓரங்கட்டினாள். பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் நீட்டினாள்.

"ரத்துன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்க சார். இல்லேன்னா இறங்கிக்குங்க."

மேலாளர் தாளைப் பார்த்தார். மழையைப் பார்த்தார். பிறகு கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு இறங்கி நடந்தார். நனைந்த முதுகு தெருமுனையில் திரும்பும்வரை அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள். எப்பேர்ப்பட்ட கொள்கைப் பிடிப்பு!

ஒரு வாரம் நடந்து மேலாளரின் காலில் கொப்புளம் கண்டதும் அறிவிப்பு வெளியானது: 'கார் டிரைவர் தேவை. இதே காரை ஒரு மாதம் ஓட்டிய அனுபவம் அவசியம்.' தகுதியுள்ள ஒரே ஆள் விண்ணப்பித்து, நேர்காணலில் 'சிறப்பாக'த் தேறி, அதே சாவியை வாங்கிக்கொண்டார். புதிதாகச் சேர்ந்தவர் என்பதால் பாதிச் சம்பளம்.

ஆக, அந்த அலுவலகத்தில் யாரும் எந்தத் தப்பும் செய்யவில்லை. அதற்கான அபராதத்தை மட்டும் டிரைவர் மாதாமாதம் கட்டிவருகிறார்.