பெரிய வீட்டுப் பெஞ்சு

அன்று அனுமந்தன்பட்டிப் பொட்டலில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிற்பாடு ஆளாளுக்கு ஒன்று பேசினார்கள். பெரிய வீட்டுப் பெஞ்சில் அழகுமலையும் அவருடைய தம்பிமார் அம்மாவாசி, கருத்தக்கண்ணன் இருவரும் இருந்தார்கள். கூடைப்பந்து ஆட்டத்தில் பங்காளி மகன் மொக்கைச்சாமியும் வீட்டு இளவட்டங்கள் நால்வரும். எதிர்ப்பக்கம் மயிலாடும்பாறை நல்லகண்ணுவும் அவர் வீட்டு ஆட்களும். விசில் ஊத டிரில் மாஸ்டர். மாட்டு வண்டியோடு பால்பாண்டி. கயிற்றுக்கு வெளியே ஊர்ச் சனம், அதில் முன்வரிசையில் சந்தனம்மாள். இன்னொருவன் நடுவில் வந்து சேர்ந்தான். அவனைப் பற்றி அந்த இடத்தில் சொல்ல வேண்டும்.

ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே மொக்கைச்சாமி விழுந்துவிட்டான்.

ஆறடி உயரம். வளையத்துக்குக் கீழே நின்று கையை நீட்டினால் பாதி வேலை முடிந்தது. அன்றைக்கும் எகிறிப் பந்தைப் போட்டான். பந்து உள்ளே போயிற்று. அவன் கம்பத்தின் அடிக்கல் மீது விழுந்தான்.

"என்னடா ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டு அழகுமலை வந்தார். ஓடி வரவில்லை. பெரிய வீட்டுக்காரர்கள் சபையில் ஓடுவதில்லை.

"முட்டி பெசகிருச்சு பெரியப்பா."

"தலையும் கல்லுல பட்ட மாதிரி இருந்துச்சே?"

"அது கெடக்கு."

பால்பாண்டியின் வண்டியில் வைக்கோல் பரப்பி அவனைப் படுக்க வைத்தார்கள். உத்தமபாளையத்து டாக்டரிடம் போவதாக ஏற்பாடு. வண்டி நகரும்போது அழகுமலை குனிந்து சொன்னார்: "கட்டுப் போட்டதும் வந்து பெஞ்சுல உக்காரு. பெரிய வீட்டுப் பெஞ்சுல ஆளு இல்லைன்னு உன் மாமன் நல்லகண்ணு ஊரெல்லாம் சொல்லிருவான்."

"வந்துர்றேன் பெரியப்பா. எப்பிடியும் வந்துர்றேன்."

உண்மையில் பெஞ்சில் ஆள் இல்லாமல் இல்லை. ஆடத் தெரிந்த ஆள்தான் இல்லை.

கூடைப்பந்தில் ஆடுகிறவர் ஐந்து பேர். அடிபட்டால் மாற்றி இறக்கச் சிலர் ஓரத்தில் பெஞ்சில் தயாராக இருக்க வேண்டும். டிரில் மாஸ்டர் இதை விளக்கியபோது அழகுமலையின் மனதில் பெஞ்சு மட்டும்தான் நின்றது. சபையில் பெஞ்சு போட்டால் அதில் யார் யார் எந்த வரிசையில் உட்காருவது என்பது அந்த வீட்டில் எப்போதோ முடிவான விஷயம். ஆகவே மூத்தவர்கள் மூவரும் தலைப்பாகையோடு உட்கார்ந்தார்கள். மாஸ்டர் பழக்கி வைத்திருந்த இரண்டு மாற்று ஆட்களை, வெற்றி ஊர்வலத்துக்கு மாலையும் மேளமும் கொண்டுவரக் கம்பம் டவுனுக்கு அனுப்பியாயிற்று.

அசலூரில் கெட்டிக்காரனைத் தேடிப் பிடிக்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. கோப்பை அழகுமலையின் தகப்பனார் பெயர் வெட்டிய வெள்ளிக் கோப்பை. ஒவ்வொரு பக்கமும் ஒரே வீட்டுப் பங்காளிகள்தான் ஆட வேண்டும் என்று விதி போட்டவர் அழகுமலையேதான். போன இரண்டு வருஷமும் கோப்பை அவருடைய தங்கை புருஷன் நல்லகண்ணு வீட்டுக்குப் போயிற்று. மூன்றாம் வருஷமும் போனால் அது அங்கேயே நிரந்தரமாகத் தங்கிவிடும். தகப்பன் பெயர் மச்சினன் வீட்டு அலமாரியில் இருக்கும். அதை நினைத்து அழகுமலை ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

"கருத்தக்கண்ணா, எறங்கு," என்றார்.

கருத்தக்கண்ணன் வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு இறங்கினார். தலைப்பாகையை எடுக்க மறுத்துவிட்டார். பந்து தானாகவே அவர் கைக்கு வந்தது. எதிரில் நின்ற வாலிபன் கையை நீட்டி, "பந்தக் குடுங்க மாமா," என்றான். கருத்தக்கண்ணன் இரண்டு கையாலும் மரியாதையாகக் கொடுத்தார். அவன் கொண்டுபோய்ப் போட்டான்.

"ஏலே, எதுக்குடா குடுத்த?" என்று அழகுமலை பெஞ்சிலிருந்து கத்தினார்.

"நம்ம மாப்பிள்ளைண்ணே. வாய்விட்டுக் கேக்குறாரு. பொண்ணு அங்கன வாழணுமா இல்லையா?"

மாப்பிள்ளை இன்னும் மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் கிடைத்தது. கருத்தக்கண்ணனை வெளியே கூப்பிட்டார்கள்.

அடுத்து அம்மாவாசி. இவருக்கு எதிராளியிடம் எந்த உறவுக் கூச்சமும் கிடையாது. ஆனால் பல வருஷமாகக் கோர்ட்டில் வரப்பு வழக்கு நடத்துகிற மனிதர். பொட்டலின் நடுவில் சுண்ணாம்புக்கோடு ஒன்று இருந்தது. அதைப் பார்த்ததும் அவருக்கு ஆவேசம் வந்துவிட்டது. கோட்டில் நின்று இரண்டு கையையும் விரித்தார்.

"தாண்டுங்கடா பாப்போம்! இங்கிட்டு எங்க எடம்!"

தாண்டியவனை இடுப்போடு சேர்த்துப் பிடித்தார். மாஸ்டர் விசில் ஊதினார். அடுத்தவனைப் பிடித்தார். மாஸ்டர் மறுபடி ஊதினார்.

"அத்துமீறி வர்றான் சார், புடிக்காம என்ன செய்யிறது?"

நாலாவது விசிலோடு அவரையும் வெளியேற்றினார்கள். எதிர்ப்பக்கம் எட்டுப் புள்ளி முன்னால் போயிருந்தது. இடைவேளை விட்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் காற்று நின்றது.

ஆடி மாதம். கம்பம் பள்ளத்தாக்கில் ஆடியில் காற்று நிற்பதென்பது கிடையாது. காலையிலிருந்து புழுதியை வாரி அடித்துக்கொண்டிருந்த காற்று, கதவைச் சாத்தியது போல ஒரே நொடியில் ஓய்ந்தது. புளியமரத்தில் ஓர் இலை அசையவில்லை. மேற்கு மலையிலிருந்து மூட்டம் இறங்கிப் பொட்டலின் ஓரத்தை மூடியது. ஒரு நாய் பெஞ்சுக்கு எதிரே வந்து நின்று, மூக்கைத் தூக்கி நீளமாக ஊளையிட்டது. கல்லெடுத்து ஓங்கியும் அது போகவில்லை.

அழகுமலை திரும்பினார். பெஞ்சின் கடைசியில் மொக்கைச்சாமி உட்கார்ந்திருந்தான். கறுப்புக் கம்பளியால் தலையோடு மூடியிருந்தான்.

"வந்துட்டியா! வண்டி எங்கடா?"

"பின்னால வருது."

"முட்டி எப்பிடி இருக்கு?"

"இப்ப நோவே இல்ல பெரியப்பா."

"அப்ப எறங்கி ஆடுறா!"

"அது முடியாது. உக்கார மட்டுந்தேன் முடியும்." மரத்துப் பக்கம் தலையைத் திருப்பிச் சொன்னான்: "புளியமரத்துக்குப் பின்னால சின்னக்கருப்பு நிக்கிறான். அவனக் கூப்பிடுங்க."

சின்னக்கருப்பு அழகுமலையின் காலஞ்சென்ற கடைசித் தம்பி மகன். ரங்கூனுக்குப் பிழைக்கப் போனவன். ஜப்பான்காரன் குண்டு போட்டதற்குப் பிறகு அவனைப் பற்றித் தகவல் இல்லை. காட்டு வழியில் காய்ச்சலில் செத்துப்போனான் என்று ஒருவர் வந்து சொன்னார். சொன்ன வாரமே அழகுமலை ஊர் மெச்சக் கருமாதி செய்து முடித்தார்.

"அவந்தேன் செத்துட்டானேடா!"

"சாகல பெரியப்பா. செத்திருந்தா எனக்குத் தெரியும்."

மரத்துக்குப் பின்னாலிருந்து ஓர் உருவம் மூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தது. மொட்டைத் தலை. குழி விழுந்த கண். முழங்கால் வரை புழுதி அப்பிச் சாம்பல் நிறமாக இருந்தது. நடந்து வந்த சத்தமே கேட்கவில்லை.

"வணக்கம் பெரியப்பா," என்றது.

அம்மாவாசி பெஞ்சுக்குப் பின்னால் போய்விட்டார்.

"நீ... எங்கருந்து வர்ற?" என்றார் அழகுமலை. குரல் மட்டும் நடுங்காமல் பார்த்துக்கொண்டார்.

"வருசநாட்டுல ஒண்ணுவிட்ட அத்தை வீட்டுலருந்து. பர்மாவுலருந்து நடந்தே வந்து அங்கன காய்ச்சலோட விழுந்தேன். எந்திரிச்சு இங்கன வரலாம்னா, எனக்குக் கருமாதியே முடிஞ்சுபோச்சுன்னு சொன்னாக. பெறகு எந்த மொகத்தோட வர்றது?"

"நல்லாத்தேன் செஞ்சோம். ஒரு கொறையும் வைக்கல."

"கேள்விப்பட்டேன் பெரியப்பா. பாயசம் ரெண்டு வகைன்னாக."

"பந்தாடுவானான்னு கேளுங்க," என்றது கம்பளிக்குள்ளிருந்து குரல்.

"ரங்கூன்ல கிளப்புல ஆடினேன்," என்றான் சின்னக்கருப்பு.

மறுபாதிக்கு விசில் ஊதும்போது பெஞ்சில் இருக்கிற பங்காளி எவனும் இறங்கலாம் என்பது விதி. சின்னக்கருப்பை உட்காரச் சொன்னார்கள். அவன் உட்கார்ந்தான், விசில் ஊதியது, எழுந்து போனான்.

அவன் கோட்டுக்குள் கால் வைத்ததும் சந்தனம்மாள் எழுந்து நின்றாள். "ஆத்தாடி! இவனுக்குல்ல நான் தொண்டை கட்ட ஒப்பாரி வச்சேன்!" என்று கத்திவிட்டுப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடினாள். பாதிச் சனம் அவள் பின்னால் ஓடியது. மீதிச் சனம் ஓடவும் பயந்து நின்றது.

அதன் பிறகு நடந்ததை ஆட்டம் என்று சொல்வது கஷ்டம். சின்னக்கருப்பு பந்தைத் தட்டிக்கொண்டு வந்தால் எதிராளிகள் வழி விட்டார்கள். சொந்தப் பக்கத்துப் பையன்களும் வழி விட்டார்கள். அவன் கையிலிருந்து வந்த பந்தை யாரும் தொடவில்லை; ஆகையால் அவனே எடுத்து அவனே போட்டான். பொட்டல் முழுவதும் பந்து தரையில் மோதும் சத்தம் ஒன்றுதான்.

பெஞ்சில் பல் கிட்டியது. "அண்ணே, அவன் உக்காந்து எந்திரிச்ச எடம் இன்னும் குளுருதுண்ணே," என்றார் அம்மாவாசி. "ஏலே மொக்கை, கம்பளியில பாதி குடுடா."

"குடுத்தா இன்னும் குளுரும் சித்தப்பா."

"கருமி!"

எட்டுப் புள்ளியும் ஈடாகி, மேலே நாலு புள்ளி ஏறியபோது நல்லகண்ணு உள்ளே பாய்ந்தார்.

"நிறுத்துங்க! செத்தவன எறக்கி ஆட்டம் காட்டுறாக! இவன் கருமாதிச் சோத்த நானே தின்னேன்!"

டிரில் மாஸ்டர் எட்டத்தில் நின்றபடி விதிப்புத்தகத்தைப் புரட்டினார். "பங்காளிதானே?"

"பங்காளிதான்," என்றார் அழகுமலை.

"பெஞ்சுல உக்காந்திருந்தாரா?"

"உக்காந்துட்டுத்தேன் வந்தான்."

"செத்தவர் ஆடக்கூடாதுன்னு இதுல எங்கயும் போடலையே."

"அப்ப ஒண்ணு சொல்லட்டும்!" என்று நல்லகண்ணு பெஞ்சைப் பார்த்துக் கை நீட்டினார். "இவன் பேயின்னா கப்பு எனக்கு. மனுசன்னா, உசுரோட இருக்கிறவனுக்குக் கருமாதி செஞ்ச வீடுன்னு மச்சான் இந்தச் சபையில ஒத்துக்கிடட்டும்!"

பெரிய வீட்டில் ஒரு காரியம் தவறாக நடந்தது என்று யாரும் சபையில் சொன்னதில்லை. அழகுமலையின் தகப்பனார் வழக்கில் தோற்றபோதுகூட ஜட்ஜுக்குத்தான் தப்பு என்றார்.

"கப்பு வேணுமா, கருமாதி வேணுமா பெரியப்பா?" என்று பெஞ்சின் கடைசியிலிருந்து மெதுவாகக் கேட்டான் மொக்கைச்சாமி. "உசுரோட இருக்கிறவன இல்லைன்னு சொல்லாதீக. அது பெரிய பாவம்."

அவன் ஒருநாளும் இப்படிப் பேசுகிறவன் இல்லை. அழகுமலை எழுந்தார். தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு நடுக்கோட்டுக்குப் போனார்.

"இவன் எங்க வீட்டுப் பிள்ள. உசுரோட இருக்கான். விசாரிக்காம கருமாதி செஞ்சது என் தப்பு," என்றார். ஒவ்வொரு சொல்லும் பல்லைப் பிடுங்குவது போல வந்தது. சின்னக்கருப்பின் முழங்கையைப் பிடித்துத் தூக்கிக் காட்டினார். பந்தை எட்டிப் பிடிக்கையில் கீழே விழுந்து தோல் உரிந்திருந்தது. "ரத்தம் செவப்பா இருக்கா? மச்சான், வந்து தொட்டுப் பாருங்க."

நல்லகண்ணு தொடவில்லை, நறுக்கென்று கிள்ளினார்.

"ஆத்தாடி!" என்று சின்னக்கருப்பு அலறினான். பேய்க்கு இவ்வளவு வலிக்காது என்று சனம் ஒப்புக்கொண்டது. ஓடியவர்கள் திரும்பி வந்தார்கள். சந்தனம்மாள் மட்டும் தன் ஒப்பாரி வீணாகிப்போன கோபத்தில் கடைசிவரை அவனோடு பேசவில்லை.

மிச்ச ஆட்டத்தில் எதிராளிகள் பயம் தெளிந்து நெருக்கினார்கள். பெரிய வீட்டுப் பையன்களும் பயம் தெளிந்து பந்தைக் கை மாற்றினார்கள். ஒரே ஒரு புள்ளியில் பெரிய வீடு ஜெயித்தது. அழகுமலை தகப்பனார் பெயர் வெட்டிய கோப்பையை இரு கையாலும் வாங்கி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

நல்லகண்ணுவுக்கு மனம் ஆறவில்லை. "கப்பு போனாப் போகுது. பெரிய வீட்டுக்குப் பேயி ஆடிக் குடுத்துச்சுன்னு இங்கருந்து மயிலாடும்பாறை வரைக்கும் சொல்லுவேன்," என்றார்.

"ரத்தத்தப் பாத்த பெறகுமா?" என்று சீறினார் அழகுமலை. "எங்க பெஞ்சுல இருந்தவுக மேல சத்தியம், எங்க வீட்டுக்குப் பேயி ஆடல. வேணும்னா மொக்கைச்சாமியக் கேளுங்க. இடைவேளையிலருந்து அங்கனதேன் உக்காந்திருக்கான்."

பொட்டலின் ஓரத்தில் வண்டி வந்து நின்றிருந்ததை அப்போதுதான் பார்த்தார்கள். பால்பாண்டி தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்து, அழகுமலையின் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னான்:

"அய்யா சொல்றதுதேன் சரி, பேயி ஆடல, மொக்கைச்சாமியண்ணன் வாய்க்கால் பாலத்துலயே போயிட்டாக, ஒடம்பு வண்டியில இருக்கு, அவுக பெஞ்சுல சும்மாதான உக்காந்திருந்தாக."