முதல் வரிசையில் ஒரு நாற்காலி

பாட்டுக் கச்சேரிக்குப் போகிறவர்களில் பாட்டைக் கேட்பவர்கள் என்று ஒரு கூட்டம் உண்டு. அவர்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. போகிறார்கள், கேட்கிறார்கள், தலையாட்டுகிறார்கள், வீட்டுக்கு வருகிறார்கள். இங்கே பேச வந்தது வேறோர் இனத்தைப் பற்றி. இடம் பிடிப்பவர்.

இவர் எல்லா ஊரிலும் இருக்கிறார். ஆனாலும் இவர் நன்றாக வெயில் பட்டு, முழு வளர்ச்சி அடைந்து, இனத்துக்குரிய அத்தனை குணங்களோடும் நடமாடுவது ஆகஸ்ட் மாதத்து டென்னசி மலையடிவாரத்தில்தான். அங்கே ஒரு பண்ணைக்காரர் மாடுகளை மேல் வயலுக்கு ஓட்டிவிட்டு, கீழ்ப் புல்வெளியில் மேடை கட்டி, மூன்று நாள் கன்ட்ரி இசைத் திருவிழா நடத்துவார். நாற்காலி அவரவர் கொண்டுவர வேண்டும். அதற்குச் சட்டம் இரண்டே இரண்டு. முதல் நாள் காலையில் வாசலில் கட்டியிருக்கும் கயிற்றை அவிழ்த்ததும் உங்கள் நாற்காலியை எங்கே போடுகிறீர்களோ, திருவிழா முடியும்வரை அந்த இடம் உங்களுடையது, இது ஒன்று. நாற்காலி காலியாக இருந்தால் யார் வேண்டுமானாலும் உட்காரலாம், சொந்தக்காரர் வந்ததும் சிரித்த முகத்தோடு எழுந்துகொள்ள வேண்டும், இது மற்றொன்று. முதல் சட்டத்தால்தான் இடம் பிடிப்பவர் பிறந்தார். இரண்டாவது சட்டத்தைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து அவருக்குத் தூக்கமில்லை.

வெர்லன் ஹேடிக்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். இண்டியானாக்காரர். பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். வாழ்நாள் முழுக்கக் கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தே பழகியதால், முதுகுக்குப் பின்னால் ஒருவர் எழுந்தாலும் உட்கார்ந்தாலும் அவருக்குத் தெரிந்துவிடும். கயிறு அவிழும் நேரத்தில் நீங்கள் அவரைப் பார்க்க வேண்டும். ஓடக் கூடாது என்று பலகை சொல்கிறது. யாரும் ஓடுவதில்லை. ஆனால் அக்குளில் ஒரு நாற்காலி, கையில் ஒரு நாற்காலி, பல்லில் மெத்தையின் நாடா என்று, முழங்காலை மடக்காமல் இடுப்பை மட்டும் இப்படியும் அப்படியும் வெட்டிக்கொண்டு, பக்கத்தில் வருகிறவருக்குக் காலை வணக்கமும் சொல்லிக்கொண்டு அந்த மனிதர்கள் போகிற வேகத்துக்குக் குதிரை கூட ஓடித்தான் ஈடு கொடுக்க வேண்டும். வெர்லன் ஒவ்வோர் ஆண்டும் முதல் வரிசையில் நடு இடத்தைப் பிடித்தார். தன் நாற்காலியின் முதுகில் 'ஹேடிக்ஸ்' என்று வெள்ளைப் பெயின்டில் எழுதியிருந்தார். ஆகாய விமானத்தில் போகிறவருக்கும் சந்தேகம் வரக்கூடாது பாருங்கள்.

பிடித்த பிறகு? காக்க வேண்டும். பிடித்த இடத்தைக் காப்பதுதான் வேலை. பாட்டு அதற்குப் பின்னணி. எலுமிச்சைச் சாறு குடிக்க மாட்டார், குடித்தால் எழுந்து போக வேண்டி வரும். பொரித்த பன் வாசனை வந்தால் மூக்கை மட்டும் அந்தப் பக்கம் அனுப்புவார். "இப்ப என்ன பாட்டு பாடினாங்க?" என்று கேட்டால், "அந்த நீலச் சட்டைக்காரன் மூணாவது வரிசை வரைக்கும் வந்து திரும்பிப் போனானே, அப்ப பாடினது" என்பார். மேடையில் நாற்பது ஆண்டு பாடிய குரல்கள் வந்து போயின. வெர்லனுக்கு ஞாபகம் இருந்ததெல்லாம் வந்து போன இடுப்புகள்.

அவர் மனைவி ஆர்லீன் இதையெல்லாம் பொறுத்துக்கொண்டவர். இந்த ஆண்டு காரில் வரும்போதே சொல்லிவிட்டார்.

"சனிக்கிழமை சாயங்காலம் கெல்சோ பிரதர்ஸ் அந்த வால்ட்ஸ வாசிப்பாங்க. இந்தத் தடவ நான் ஆடப் போறேன்."

"ஆடு. யாரு வேணாங்கறா?"

"வால்ட்ஸ ஒத்தையா ஆடறதில்ல, வெர்லன்."

வெர்லன் சாலையைப் பார்த்தார். மேடைக்கு இடது பக்கம் பலகை அடித்து ஆடுதளம் போட்டிருப்பார்கள். முதல் வரிசையிலிருந்து அது ரொம்ப தூரமில்லை. ஆனால் எழுந்து போக வேண்டும்.

"நாற்காலி?" என்றார்.

"தெரியும், இதத்தான் கேப்பேன்னு. வருஷா வருஷம் அந்தப் பாட்டு வரும், நான் உக்காந்த இடத்துல முட்டிய ஆட்டிட்டு இருப்பேன். இந்தத் தடவ செவப்பு பூட்ஸ் வாங்கியிருக்கேன்யா. நாற்காலிக்கு அடியில வெச்சுக் காட்டறதுக்கா வாங்கினேன்? நீ வரலன்னா யாரு மொதல்ல கேக்கறாங்களோ அவங்களோட ஆடுவேன். சொல்லிட்டேன்."

"யாரு கேக்கப் போறா?" என்று சிரித்தார் வெர்லன்.

ஆர்லீன் சிரிக்கவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் வந்தது. கெல்சோ சகோதரர்கள் மேடை ஏறினார்கள். பெரியவர் பிடிலைத் தாடைக்கு அடியில் வைத்து, வில்லால் ஒரு நீளமான இழுப்பு இழுத்தார். அந்த முதல் இழுப்பிலேயே புல்வெளி முழுக்கச் சோடி சோடியாக எழுந்தது. ஆர்லீனும் எழுந்தார். சிவப்பு பூட்ஸைத் தரையில் ஒரு தட்டு தட்டினார். வெர்லனைப் பார்த்தார்.

வெர்லன் பின்னால் பார்த்தார்.

பின்னால், சரியாக அவருடைய நாற்காலிக்குப் பின்னால், இரண்டாவது வரிசையில் டெல்மர் பர்விஸ் எழுந்து நின்றுகொண்டிருந்தார். மிசௌரிக்காரர், மனைவியை இழந்தவர், தலைமுடி மொத்தமும் சொந்தம், ஆட்டத்தில் அந்தப் புல்வெளியில் அவருக்கு ஈடு கிடையாது. இரண்டு நாளாக முதல் வரிசையை ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டிருந்தவரும் அவர்தான். இப்போது தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டார்.

"அம்மா, உங்களுக்குத் துணைக்கு ஆள் இல்லன்னா..."

வெர்லனுடைய நிலைமையை யோசித்துப் பாருங்கள். உட்கார்ந்தே இருந்தால் இந்த மனிதன் ஆர்லீனைக் கூட்டிக்கொண்டு போவான். எழுந்து போனால் இதே மனிதன் நாற்காலியில் உட்காருவான். எந்தப் பக்கம் போனாலும் டெல்மர் பர்விஸ்! ஒரே ஒரு கணம், ஆர்லீனுக்கு மட்டும் தெரியக்கூடாது, வெர்லன் இரண்டையும் தராசில் வைத்துப் பார்த்தார்.

ஆர்லீனுக்குத் தெரிந்துவிட்டது. அவர் கை டெல்மர் பக்கம் நீண்டது.

"ஆள் இருக்கு!" என்று கத்திக்கொண்டு எழுந்தார் வெர்லன். பழக்க தோஷம். நாற்காலிக்குச் சொல்கிற வார்த்தையே மனைவிக்கும் வந்துவிட்டது.

எழுந்தாரே தவிர உடனே போய்விட்டாரா? நாற்காலிமேல் மெத்தையை நிமிர்த்தி வைத்தார், மெத்தைமேல் மேல்சட்டை, மேல்சட்டைமேல் பாதி கடித்த ரொட்டி, ரொட்டிமேல் மழைக்கோட்டு, பக்கத்தில் ஐஸ் பெட்டி. பார்ப்பவருக்கு ஒரு குண்டு மனிதர் குனிந்து சாப்பிடுவதுபோல இருந்தது. "பாட்டு முடிஞ்சுரும்யா!" என்று ஆர்லீன் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

வால்ட்ஸ் என்பது சுற்றுகிற ஆட்டம். ஒன்று, இரண்டு, மூன்று என்று அடி வைத்துச் சுழல வேண்டும். சுழன்றால் பாதி நேரம் முதுகு நாற்காலிப் பக்கம் இருக்கும். வெர்லனால் அது முடியுமா? அவர் முகத்தை நாற்காலிக்கு நேரே வைத்துக்கொண்டு, ஆர்லீனை முன்னால் மூன்றடி தள்ளினார், பின்னால் மூன்றடி இழுத்தார்.

"சுத்துய்யா! பஸ்ஸ ரிவர்ஸ் எடுக்கறியா?"

"கூட்டமா இருக்கு, ஆர்லீன்."

"எல்லாரும் சுத்தறாங்க. நாமதான் குறுக்க நிக்கறோம். ஒரே ஒரு சுத்து. என்னதான் ஆயிரும்?"

பிடில் அதற்குள் மேலே ஏறிவிட்டது. ஸ்டீல் கித்தார் தேனை ஊற்றிக்கொண்டிருந்தது. ஆர்லீன் கணவரின் முழங்கையைப் பிடித்து, பிடிவாதக்காரக் கன்றுக்குட்டியைத் திருப்புவதுபோல ஒரு திருப்பு திருப்பினார். வெர்லன் சுற்றினார். நாற்காலி கண்ணிலிருந்து மறைந்தது. மலை தெரிந்தது, மாடுகள் தெரிந்தன, திரும்ப நாற்காலி தெரிந்தது.

மழைக்கோட்டை அழகாக மடித்து மடியில் வைத்துக்கொண்டு, டெல்மர் பர்விஸ் உட்கார்ந்திருந்தார்.

"ஆர்லீன்! அவன்..."

"சட்டப்படிதானே உக்காந்திருக்கான். சுத்து."

மலை, மாடுகள், நாற்காலி. எலுமிச்சைச் சாறு விற்கிற மஞ்சள் கவுன்காரி ஆர்லீனின் நாற்காலியில் உட்கார்ந்து கால் வலி தீர இளைப்பாறிக்கொண்டிருந்தார். மலை, மாடுகள், நாற்காலி. டெல்மர் வெர்லனுடைய ரொட்டியைப் பார்த்து ஏதோ சொல்ல, மஞ்சள் கவுன் வாய்விட்டுச் சிரித்தது. வெர்லனுக்கு ஆவல் வந்துவிட்டது. என்ன சொல்லியிருப்பான்? அடுத்த சுற்றை அவராகவே வேகமாகச் சுற்றினார். மலை, மாடுகள், நாற்காலி. டெல்மர் எழுந்து நின்று, தொப்பியை மார்பில் வைத்து, "அம்மா, உங்களுக்குத் துணைக்கு ஆள் இல்லன்னா" என்கிற அந்த முகத்தோடு குனிந்துகொண்டிருந்தார். மலை, மாடுகள்... இரண்டு நாற்காலியும் காலி! மஞ்சள் கவுனும் டெல்மரும் ஆடுதளத்துக்கு ஓடி வந்துகொண்டிருந்தார்கள்!

"பாத்தியா, ஆர்லீன்! நம்ம நாற்காலி செஞ்ச வேலையப் பாத்தியா!"

வெர்லன் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துக்கொண்டே சுற்றினார், சுற்றச் சுற்றத் தலை கிறுகிறுத்தது, கிறுகிறுக்கக் கிறுகிறுக்க இன்னும் சிரிப்பு வந்தது. ஒரு கட்டத்தில் மாடுகளும் மலையும் நாற்காலியும் எது எது என்று பிரிக்க முடியாமல் ஒரே பச்சை வளையமாகிவிட்டன. நடுவில் அசையாமல் தெரிந்தது ஆர்லீனுடைய முகம் ஒன்றுதான். அது சிவந்து, வியர்த்து, அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் வெர்லனுக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"இது நல்ல பாட்டால்ல இருக்கு! புதுசா?"

"ஒவ்வொரு வருஷமும் வாசிக்கறாங்கய்யா, மடையா" என்று சொல்லி ஆர்லீன் அவர் தோளில் நெற்றியை முட்டிக்கொண்டு சிரித்தார்.

பாட்டு நின்றது. மேல்சட்டையை எடுக்க இருவரும் தள்ளாடிக்கொண்டு திரும்பி வந்தார்கள். வெர்லனுடைய நாற்காலியில் இப்போது ஒரு பெரிய உடம்புக்காரர், அவித்த பீன்ஸும் சோள ரொட்டியும் நிறைந்த தட்டோடு, நன்றாகப் பதிந்து உட்கார்ந்திருந்தார். இவர்களைப் பார்த்ததும் பதறி எழப் போனார்.

"மன்னிச்சுக்குங்க ஐயா, இது உங்க நாற்காலியா?"

முதுகில் 'ஹேடிக்ஸ்' என்று வெள்ளை எழுத்து பளபளத்தது. ஆர்லீன் கணவரைப் பார்த்தார். மேடையில் சின்ன கெல்சோ, இன்னொரு வால்ட்ஸ் இருக்கிறது என்று அறிவித்துக்கொண்டிருந்தார்.

"இல்லிங்க" என்றார் வெர்லன். "யாரோ ஹேடிக்ஸாம். ரொம்ப நல்ல மனுஷன். ஒண்ணும் சொல்ல மாட்டாரு. நீங்க நிதானமா சாப்பிடுங்க."

ஆர்லீன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினார். ஆமாம், ஓடினார், ஓடக் கூடாது என்கிற பலகையை இடித்துக்கொண்டே ஓடினார்.

இத்தோடு ஒரு மனிதர் திருந்தினார் என்று முடித்துவிடலாம். நீங்களும் திருப்தியாக எழுந்து போவீர்கள். ஆனால் ஆடுதளத்தை அடைந்ததும் வெர்லன் செய்தது இதுதான். நான்கு மூலைகளிலும் பலகையைக் காலால் அமுக்கிப் பார்த்தார். அசையாத மூலையாக ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். அங்கிருந்த கம்பத்தில் தன் தொப்பியை மாட்டினார்.

"இது எதுக்குய்யா?" என்றார் ஆர்லீன்.

"சும்மாதான். இங்க நெழல் விழுது. நாளைக்கும் நாம இங்கயே ஆடலாம்."

டெல்மர் பர்விஸ் மஞ்சள் கவுனோடு சுழன்று சுழன்று அந்த மூலைக்கு வந்து சேர்ந்தார்.

"இங்க யாராவது இருக்காங்களா, வெர்லன்?"

"இருக்கு, இருக்கு. ஆள் இருக்கு."

சிரிக்கிறீர்கள். எங்கேயோ டென்னசியில் ஒரு கிழவர் என்று சிரிக்கிறீர்கள். பஸ் நிற்பதற்கு முன்னால் ஜன்னல் வழியாகத் துண்டு போட்ட கை யாருடையது? கல்யாணப் பந்தியில், சாப்பிடுகிறவரின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, அவர் பாயசத்துக்கு வந்துவிட்டாரா மோருக்கு வந்துவிட்டாரா என்று எட்டிப் பார்த்தது யார்? போகட்டும், பழைய கதை. இதைப் படிக்க உட்கார்ந்திருக்கிறீர்களே, உங்கள் பக்கத்து இருக்கையில் இருப்பது என்ன? உங்கள் பையா? அதற்குக் கால் வலிக்கிறதா?

மெதுவாக நிமிர்ந்து பாருங்கள். அதோ, ஒருவர் தொப்பியை மார்பில் வைத்துக்கொண்டு நிற்கிறார்.