படத்தில் கண்ட பதினோரு குறைகள்

மதிப்பிற்குரிய அத்தானுக்கு மைத்துனன் பணிவுடன் எழுதுவது. நாங்கள் மூவரும் சுகம். அங்கே அக்காவுக்கு மூட்டுவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். குறையாவிட்டாலும் இதைக் கேட்டதும் எழுந்து நடப்பாள். எனக்கு வேலை கிடைத்துவிட்டது.

"அம்பத்து மூணு வயசுல கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்தா எவன்யா வேலை குடுப்பான்?" என்று போனில் சிரித்தீர்களே, அன்றைக்கு நான் பதில் பேசுகிற நிலையிலா இருந்தேன்? பம்பு உதிரிபாகக் கிடங்கின் வாசல் மேஜையில் இருபத்தாறு வருடம் உட்கார்ந்து, எந்தப் பெட்டி எங்கே இருக்க வேண்டும் என்று உத்தரவு போட்டவனை, கம்பெனியை விற்கிறோம் என்று ஒரே காகிதத்தில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மகளுக்கோ இன்னும் ஒரு வருடப் படிப்பு இருக்கிறது. அவள்தான் வேலை தேடுகிறவர்களின் இணையதளத்தில் எனக்கு ஒரு பக்கம் திறந்துகொடுத்தாள். தனியாக எடுத்த படம் இல்லாததால் கல்யாணப் படத்தில் மனைவியை வெட்டிவிட்டு என்னை மட்டும் போட்டேன், அதற்கு வீட்டில் நாலு நாள் பேச்சுவார்த்தை இல்லை. இன்னார் உங்கள் பக்கத்தைப் பார்த்தார் என்று தளம் சொல்லும், வந்தவரை விசாரிக்காமல் விடலாமா என்று ஒவ்வொருவருக்கும் "என்ன விஷயமாக வந்தீர்கள்?" என்று எழுதினேன், பதினேழு பேர் இனி நான் எழுத முடியாதபடி என்னைத் தடுத்துவிட்டார்கள்.

அப்போதுதான் ஒரு கம்பெனி, "எங்கள் புதிய கிடங்கு" என்று பெருமையாக ஒரு படம் போட்டது. ஆளாளுக்குக் கைதட்டல். எனக்கு வயிறு எரிந்தது அத்தான். கனமான பெட்டியெல்லாம் மேலே, லேசானதெல்லாம் கீழே, தீயணைப்பு சிலிண்டரை மறைத்து ஒரு அட்டைப்பெட்டிக் கோபுரம், வண்டி திரும்ப வழியில்லை. வரிசையாகப் பதினோரு குறைகளை எழுதி, அடியில் என் போன் நம்பரையும் போட்டுவிட்டேன். "அப்பா, ஊரே பாக்குதுப்பா, அழிங்க" என்று மகள் கெஞ்சினாள். "வேலை கேக்கப் போன இடத்துல குத்தம் சொல்லிட்டு வர்ற ஆளு நீங்க ஒருத்தர்தான்" என்றாள் மனைவி. அழித்திருப்பேன், எப்படி என்று தெரியவில்லை.

மறுநாள் காலை முதலாளியே கூப்பிட்டார். "சார், எங்காளுங்க எல்லாரும் சூப்பர்னுதான் சொன்னாங்க. நீங்கதான் கண்ணைத் திறந்து பாத்திருக்கீங்க. ஆபீஸுக்கு வாங்க." போனேன். முன்பு எங்கே இருந்தேன் என்றுகூடக் கேட்கவில்லை. "இப்படி அடுக்குன ஆளு உங்ககிட்ட இருந்தா என்ன பண்ணுவீங்க?" என்றார். "ஒரு நாள்கூட வச்சிருக்க மாட்டேன் சார்" என்றேன். மேஜையைத் தட்டிச் சிரித்து, கிடங்கு மேலாளர் என்று உத்தரவு கையில் கொடுத்துவிட்டார். அந்த ஆபீஸ் மாடிப்படியிலேயே உட்கார்ந்து அழுதேன், சொல்ல வெட்கமில்லை. இப்போது சொல்லுங்கள், எவன் கொடுப்பான் என்றீர்களே, கொடுத்தானா இல்லையா?

அக்காவுக்கு என் வணக்கம். உங்கள் ஆசியை இந்த ஒரு தடவையாவது கேலி கலக்காமல் அனுப்பிவைக்கவும்.

இப்படிக்கு,
வேலையில் இருக்கும் மைத்துனன்

பி.கு.: இதை அனுப்பப் போகிற நேரத்தில், திங்கட்கிழமை வர வேண்டிய முகவரியை முதலாளி அனுப்பினார். அது எங்கள் பழைய கிடங்கு. வாங்கினவர் அவர்தானாம். சுவருக்கு நீலப் பெயின்ட் அடித்து, பின்கோடியில் ஏணி மேலிருந்து படம் எடுத்திருக்கிறார்கள். வாசல் மேஜையை விட்டு நான் அந்தப் பக்கம் போனதே இல்லை, எனக்கு எப்படித் தெரியும்? பெட்டிகளெல்லாம் நான் வைக்கச் சொன்ன இடத்திலேயே இருக்கின்றன. முதலாளிக்கு இன்னும் தெரியாது, வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே பதினொன்றையும் சத்தமில்லாமல் சரிசெய்துவிடுவேன். ஆனால் என் குறிப்புக்குக் கீழே நேற்று நீங்கள் "எந்த மடையன் அடுக்குனது?" என்று கேட்டிருக்கிறீர்கள், இப்போதுதான் பார்த்தேன். தயவுசெய்து உடனே எடுத்துவிடுங்கள் அத்தான். பழைய கிடங்கு ஆட்கள் ஒவ்வொருத்தராக வந்து பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்.